காலி வீட்டு டைலர்

அன்பு மகள் கலாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி இணைப்பு அறுந்துபோனதே, அது சிக்னல் கோளாறு இல்லை. நான்தான் வைத்தேன். நீ மறுபடி அழைத்தபோது, "மழைம்மா, டவர் கிடைக்கல" என்றேன். கள்ளக்குறிச்சியில் மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. எழுபதைத் தாண்டிய அப்பன் பெற்ற மகளிடம் மழையைக் காட்டிப் பொய் சொல்லும்படி ஆனதற்குக் காரணம் நீ அனுப்பிய படமும், அதைப் பற்றி நீ சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சும். படத்தில் மஞ்சள் சட்டை போட்டு, தலைக்கவசத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். பக்கத்தில் பேரன் நிற்கிறான். கடல் கடந்து நீ குடியிருக்கும் ஊரில் கோடைக்குக் கோடை காடு பற்றி எரியும், அதை அணைக்கப் போகிறவர்கள் எல்லாருமே சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள், ரொட்டிக் கடைக்காரர் முதல் பள்ளிக்கூட ஆசிரியை வரை, நானும் சேர்ந்துவிட்டேன் என்றாய். கையோடு, "பயப்படாதப்பா, ஏழுமலை மாமா மாதிரி காலி வூட்டுக்குள்ள நொழஞ்சி மாட்டிக்க மாட்டேன்" என்று சிரித்தாய். உனக்குப் பின்னால் பேரனும் சிரிப்பது கேட்டது. அப்போதுதான் வைத்தேன்.

நீ தீயணைக்கப் போவது எனக்குப் பயம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் நான் வைத்தது அதற்காக அல்ல. அந்த வாக்கியத்தை ஊரார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடைத்தெருவில், கல்யாண வீட்டில், ஒருமுறை நம் வீட்டு வாசலிலேயே கேட்டிருக்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் "காலி வூட்டு டைலரு மருமவ" என்று உன்னைக் கூப்பிட்டு, நீ அழுதுகொண்டு வந்ததும் நினைவிருக்கிறது. அன்று உன் அம்மா உன் முகத்தைத் துடைத்துவிட்டு, "சொன்னா சொல்லிட்டுப் போறாங்க வுடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாங்கள் வேறெதுவும் சொல்லாததால் ஊர் சொன்னதையே நீயும் எடுத்துக்கொண்டாய், இப்போது உன் பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறாய். என் மகள் வாயிலிருந்து அது வந்தபோது, அந்த மனிதர் இன்னொரு முறை செத்துப்போனதுபோல இருந்தது எனக்கு. ஆகவே இதை எழுதுகிறேன். ஊரெல்லாம் சொன்ன கதை என்பதால் ஊருக்கும் தெரியட்டும் என்று இதன் பிரதி ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். அனுப்புவேனா என்பது தெரியவில்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும்.

ஏழுமலை மாமா உன் அம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன் என்பதும், கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அரும்புமீசையோடு இருப்பவர் அவர் என்பதும் உனக்குத் தெரியும். அவருக்குக் கடைத்தெருவில் தையல் கடை இருந்தது. கல்யாணம் ஆகவில்லை. போலீஸ்காரர்களுக்கு உடுப்புத் தைப்பதுதான் அவருக்கு முக்கியமான வேலை. அப்போது நாம் தென்னாற்காடு மாவட்டம். இத்தனை பெரிய தாலுகாவுக்கு இருந்தது ஒரே ஒரு தீயணைப்பு வண்டி. சுற்று ஊர்களிலெல்லாம் கூரை வீடுகள். ஒன்றில் பற்றினால் தெரு முழுக்கப் போய்விடும். வண்டி போய்ச் சேருமுன் சாம்பல்தான் இருக்கும். அதனால் நிலையத்து அதிகாரி ஒருவர் ஊர் இளைஞர்களில் விருப்பம் உள்ளவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். முதலில் பெயர் கொடுத்தவர் உன் மாமா. என் பெயரையும் அவரே கொடுத்துவிட்டார். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தேன், தீப்புண்ணுக்கு மருந்து போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, யோசித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

சேர்ந்தவர்களுக்கெல்லாம் காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்ததும் மாமாதான். தோளில் பட்டை, மூடி வைத்த இரண்டு பைகள், பித்தளைப் பொத்தான் என்று அசல் உடுப்பாகவே தைத்திருந்தார். போட்டுப் பார்த்த ஒருவர், "இன்னா ஏழுமல, போலீஸ் சட்ட மாதிரியே கீது?" என்று கேட்டார். "அதயே தச்சித் தச்சி கை அங்கதான் போவுது. நட்சத்திரம் ஒண்ணுதான் கம்மி. அத நீங்க வேல செஞ்சி வாங்கிக்குங்க" என்றார் மாமா. எனக்கு அளவெடுத்தபோது நாடாவைப் பிடித்தபடி சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. "மாப்ள, உங்களுக்குத் தோள் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. அளவெடுக்கறதுக்குள்ள குறுகிக்கினே போறீங்க. கொஞ்சம் நிமிந்து நில்லுங்க!" நான் நிமிர்ந்து நின்றேன். அந்தச் சட்டை எனக்குக் கச்சிதமாக இருந்தது. அதன் பிறகு எந்தச் சட்டையும் அப்படி அமையவில்லை.

உங்கள் ஊரில் எப்படி அணைக்கிறீர்களோ தெரியாது. எங்கள் வேலை தண்ணீர் ஊற்றுவது இல்லை. ஊற்றத் தண்ணீர் இருக்காது. எரிகிற வீட்டை விட்டுவிட வேண்டியதுதான். எரியாமல் இருக்கும் அடுத்த வீட்டுக் கூரையைப் பிரித்துத் தள்ள வேண்டும். நீள மூங்கிலில் இரும்புக் கொக்கி கட்டி வைத்திருப்போம். ஒருவர் ஏணியில் ஏறி முகட்டைப் பிரிப்பார், மற்றவர்கள் கீழிருந்து கொக்கி போட்டு இழுப்பார்கள். நெருப்பு வந்து பார்க்கும்போது தின்ன ஒன்றும் இருக்கக் கூடாது. சொல்ல எளிது. ஆனால் நன்றாக இருக்கும் கூரையைப் பிரிக்க எந்த வீட்டுக்காரர் விடுவார்? போன வருடம்தான் வேய்ந்திருப்பார்கள். "என் வூட்ல எங்கடா எரியுது?" என்று காலைப் பிடித்து இழுப்பார்கள், மண்ணை வாரி வீசுவார்கள். மாமா மேலே இருந்தபடியே, "பெரியம்மா, திட்டறத நாளைக்கும் திட்டலாம், இப்ப ஏணிய வுடுங்க" என்பார். அதனாலேயே பூட்டிக் கிடக்கிற வீடு என்றால் எங்களுக்கு நிம்மதி. உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், சண்டை இல்லை, ஏறிப் பிரிக்கலாம். பயிற்சியிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பூட்டிய வீடு காலி வீடு. நாங்கள் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

அது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். மறியல் வருவதும் ஓய்வதுமாக இருந்தது. வரும்போது ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். நாம் போராடிய சாதி இல்லை. எதிர்த்து நின்ற சாதியும் இல்லை. வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மாமாவும் உன் அம்மாவும் இதைப் பற்றியே பேசிக்கொள்வார்கள். "படிப்புல பங்கு வேணும், வேலைல பங்கு வேணும்னா கேளு. புளியமரம் இன்னா பாவம் பண்ணுச்சி?" என்பார் மாமா. "கேட்டுக்கினுதான் இருந்தாங்க, யாரு திரும்பிப் பாத்தாங்க? இப்ப மெட்ராஸ்காரன் காரு நிக்குது, பாக்கறாங்க" என்பாள் அம்மா. "எங்க பஸ்ஸும்தான நிக்குது? தியாகதுருகத்துல இருந்து ஒருத்தன் துணி வாங்க நேத்து நடந்தே வந்தான்." "நடந்தா காலு தேஞ்சா பூடும்? இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கண்ணா." இப்படித்தான் முடியும். நான் இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பதாக நினைத்து, எதற்கும் தலையாட்டாமல் சாப்பிடுவேன்.

மரம் விழுந்த பிறகு வழக்குகள் விழும். போலீஸ் வண்டி ஊர் ஊராகப் போகும். வெட்டினவர் வெட்டாதவர் என்று பார்க்க நேரம் இருக்காது, கிடைத்த ஆண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். அதனால் போராடிய சாதித் தெருக்களின் ஆண்கள் பகலில் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்தார்கள், மலைக்கு ஓடினார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது இன்னொன்று. சிலர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, வெளியே பூட்டும்படி மனைவியிடம் சொன்னார்கள். வீட்டில் ஆளில்லை என்று நினைத்துப் போலீஸ் போய்விடும். ஒற்றை வாசல் வீடு. சாவி அவள் இடுப்பில் இருக்கும். போலீசை ஏமாற்றச் செய்த ஏற்பாடு எங்களையும் ஏமாற்றும் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று மத்தியானம் நான் மாமாவின் கடையில் இருந்தேன். பஸ் ஓடாததால் வேலைக்குப் போக முடியவில்லை. பால்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, மலையடிவாரத்துப் பக்கம் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை, அவர்கள் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் இருந்து பொறி பறந்து தெருவில் பற்றிக்கொண்டது என்றார். தீயணைப்பு வண்டி புறப்பட்டு முதல் மரத்திலேயே நின்றுவிட்டது. பயிற்சி பெற்ற மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு, நாங்கள் சட்டையை மாட்டிச் சைக்கிளில் கிளம்பினோம். மரம் வரும் இடமெல்லாம் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைத்து, கொக்கிக் கம்புகளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கி, மறுபடி மிதித்தோம். விழுந்து கிடந்த கிளைகளில் புளியம்பழம் அப்படியே இருந்தது. ஒரு மரத்தைத் தாண்டும்போது மாமா ஒன்றைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு, "இதுக்கும் கேஸ் போடுவானோ?" என்றார். வழியில் அவர் சொன்ன கடைசி வேடிக்கை அதுதான்.

நாங்கள் போனபோது தெருவின் ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் சட்டி பானைகளோடு வெளியே நின்றார்கள். எங்களைக் கண்டதும் கூட்டம் பேச்சில்லாமல் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மற்ற ஊர்களில் அழுவார்கள், திட்டுவார்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் "இங்க வாங்க, இங்க வாங்க" என்பார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. இது எனக்கு அப்போது வித்தியாசமாகப் பட்டது, ஆனால் ஏன் என்று நான் யோசிக்கவில்லை. எரிகிற வரிசையில் அடுத்த வீடு பூட்டியிருந்தது. அதன் முன்பக்கக் கூரையின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஓர் இளம்பெண் நின்றாள். முறைப்படி கேட்க வேண்டும் என்பதால் கேட்டேன், "உள்ள யாராவது இருக்காங்களா?" அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். தோளில் இருந்த பட்டையைப் பார்த்தாள். "யாரும் இல்லீங்க. காலி வூடுங்க" என்றாள். எத்தனை மரியாதையாகச் சொன்னாள் தெரியுமா? சாவி அவள் இடுப்பில் இருந்திருக்கிறது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் அவள் புருஷன்.

கலா, இந்த இடத்தில் நான் எத்தனை வருடம் நின்றிருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல முடியாது. அவள் நினைத்தது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. கூரையைத்தான் பிரிக்கப் போகிறார்கள், பிரித்துவிட்டால் தீ நின்றுவிடும், காக்கிக்காரர்கள் போன பிறகு திறந்துவிடலாம், இப்போது ஆளைக் காட்டிக் கொடுப்பானேன் என்று நினைத்திருக்கிறாள். நெருப்பையும் எங்களையும் எடை போட்டுப் பார்த்து, நெருப்பு மேல் என்று முடிவு செய்திருக்கிறாள். நாங்கள் உதவிக்கு வந்தவர்கள் என்று என் மனதில் இருந்தது. அவள் கண்ணில் நாங்கள் என்னவாக இருந்தோம் என்பது எனக்கு அப்போது தெரியவே இல்லை. படித்தவன், எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவன் என்று பெயர். அவள் சொன்னதை ஒரே முறையில் நம்பினேன். "மச்சான், காலி வூடுதான். பின்பக்கமா ஏறுங்க" என்று நானே சொன்னேன்.

வீட்டின் பின்னால் வெட்டாத கரும்பு நின்றது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், மாமா மேலே ஏறிக் கூரையைப் பிரிக்கத் தொடங்கினார். மற்றவர்கள் முன்பக்கம் கொக்கி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் நுழையும் அளவுக்குப் பிரித்தவர், உள்ளே குனிந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "மாப்ள, ஆளுங்க கீறாங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. "எங்க?" என்றேன். "உள்ளதான். மூணு பேர் கீறாங்க. கோணியப் போத்திக்கினு குந்திக்கினு கீறாங்க." பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார், "ஏந்திரிங்கடா! வெந்து பூடுவீங்க! இப்படி வாங்கடா!" அதற்குள் வாசல் பக்கத்துக் கூரை முழுக்கப் பற்றிக்கொண்டது, வெளியே நின்ற எனக்கே புகை கண்ணைக் கரித்தது. அவர்கள் எழுந்திருக்கவில்லை. அவர் கத்தக் கத்த இன்னும் மூலைக்கு ஒதுங்கினார்கள். அவர்களில் ஒருவர் கைகூப்பிச் சொன்னது எனக்கும் கேட்டது. "சார், நாங்க வெட்டல சார். நாங்க வெட்டல."

தலைக்கு மேல் கூரை எரிகிறது. அதை விட்டுவிட்டு ஒரு மனிதன் புளியமரத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்றைக்கும் சில சமயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அவரே தைத்த சட்டை. பொத்தான்களை அவிழ்க்கவில்லை, இழுத்த இழுப்பில் அவை தெறித்தன. சுருட்டி என் மேல் எறிந்தார். "டேய், நான் போலீஸ் இல்லடா! டைலர்டா! கள்ளக்குறிச்சி டைலர்!" என்று கத்திக்கொண்டே அந்த ஓட்டை வழியாக உள்ளே குதித்தார். அதன் பிறகுதான் அவர்கள் அசைந்தார்கள். ஒவ்வொருவராகத் தோளில் ஏற்றிச் சுவர்மேல் தூக்கிவிட்டார். அவர்கள் சுவரிலிருந்து பின்பக்கம் குதித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், என் உடம்பில் இருந்த சட்டையைப் பார்த்தார்கள், கரும்புக்குள் ஓடிவிட்டார்கள். மூன்றாவது ஆளும் ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது, உள்ளே மாமாவைத் தூக்கிவிட ஆள் இல்லை. நான் ஏணியில் ஏறினேன். ஏறினேன் என்பது உறுதி. வேகமாக ஏறினேனா என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சுவர்மேல் வயிற்றை வைத்து, கையை உள்ளே நீட்டினேன். அவர் விரல்கள் என் கையில் பட்டன. முன்பக்கத்திலிருந்து முகட்டு மரம் எரிகிற கூரையோடு அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. நான் வெளியே தூக்கி எறியப்பட்டேன்.

மற்றவர்கள் சுவரை இடித்து அவரை வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது. தீப்புண் மேல் துணி போடக் கூடாது என்று என் படிப்பு சொன்னது. வாழை இலையால் மூடி, கட்டிலில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். அவர் சட்டை என் தோளில் கிடந்தது. தெருவைத் தாண்டும்போது அந்தப் பெண் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிளைத் தூக்கி வைத்த அதே மரங்களின் மேல் கட்டிலைத் தூக்கி வைத்து, மாறி மாறிப் பிடித்துக்கொண்டு வந்தோம். தீயணைப்பு வண்டிக்காரர்கள் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எங்களை நெருங்குவதற்குள் மாமா போய்விட்டார்.

காரியம் முடிவதற்குள் விசாரணை வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் நான் பார்த்ததையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். மூன்று பேரின் முகமும் எனக்கு அடையாளம் தெரியும், விசாரணையில் சொல்லிவிடுகிறேன், மச்சான் எதற்காகச் செத்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சொன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டாள். "அந்த மூணு பேரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க." "விசாரிச்சிட்டு வுட்டுடுவாங்களா?" அவளே தொடர்ந்தாள். "எங்கண்ணன் தோள்ல ஏத்தி மேல வுட்டவங்கள நாமளே புடிச்சிக் குடுக்கறதா? சட்டய கழட்டிப் போட்டுட்டுப் போனாருங்க அவரு. நீங்க போயி மறுபடி மாட்டி வுட்டுடாதீங்க" என்றாள். அவள் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை.

மறுநாள் விசாரிக்க வந்தவர், "காலி வீட்டுக்குள்ள எதுக்கு எறங்கினாரு? அதுவும் யூனிபாரத்தக் கழட்டிட்டு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டு, "தெரியலீங்க" என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்காமலே ஊர் எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டது. வேகத்தில் குதித்துவிட்டார், குடித்திருந்தார், பூட்டிய வீட்டில் என்ன கிடைக்கும் என்று பார்க்கப் போனார். கடைசியாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா அதையும் கேட்டுக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு தெருவில் நடந்து போவாள். வழக்குகள் எல்லாம் திரும்பப் பெறப்பட்ட பிறகாவது சொல்லலாமே என்றேன். "இப்ப சொன்னா, ஒரு ஆள சாவ வுட்டுட்டு ஓடிட்டாங்கன்னு அவங்கள ஊரு பேசும். ஓடுனவங்களுக்கும் புள்ளைங்க இருக்குது" என்றாள். அவள் இருக்கும்வரை சொல்லவில்லை. நான் சுபாவத்தில் பயந்தவன் என்பதால் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குச் சுலபம் என்று நீ நினைக்கக்கூடும். இந்த ஒன்று சுலபமாக இல்லை.

உனக்குப் பலாப்பழ மாமாவை நினைவிருக்கும். வருடா வருடம் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வருவார். எத்தனை கூப்பிட்டாலும் உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நிற்பார். "ஏம்பா அவரு நம்ம வூட்டுக்குள்ள வரமாட்டேங்கறாரு, நாய்க்கு பயமா?" என்று நீ கேட்டாய். நம் வீட்டில் நாயே கிடையாது. அன்று கரும்புக்குள் ஓடியவர்களில் ஒருவர் அவர். ஓடின ஓட்டத்தில் மலையேறியவர், அங்கேயே ஒருவர் நிலத்தில் பாடுபட்டுத் தங்கிவிட்டார். "நாங்க வெட்டல சார்" என்று கைகூப்பியது தான்தான் என்று முதல் முறை வந்தபோதே சொன்னார். அம்மா பழத்தை வாங்கிக்கொண்டு, "வெட்னீங்களா இல்லையான்னு எங்கண்ணன் கேக்கலியே. சாப்ட்டுப் போங்க" என்றாள். அவர் சாப்பிடவில்லை. சாவி வைத்திருந்த அந்தப் பெண், அவர் மனைவி, ஒரு முறைகூட வரவில்லை. "கெளம்புவா சார். மலையடி வர்றதுக்குள்ள திரும்பிடுவா" என்பார். நீ அந்தப் பழத்தை மிகவும் விரும்பிச் சாப்பிடுவாய். நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

அம்மா போன பிறகும் அவர் வருகிறார். சென்ற மாதம் வந்தபோது கேட்டேன், இனி இதைச் சொல்லலாமா என்று. கேட்டைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்க சார். அக்கா எங்களுக்காவ மூடி வெச்சாங்க. அவங்களே போய்ட்டாங்க, இனிமே யாரு பேச்சுக்கு பயந்துக்கினு? என் பேரயும் போடுங்க" என்றார். கேட்டு வைத்தேனே தவிர எழுதத் துணிவு வரவில்லை, போன ஞாயிறு வரைக்கும். பெயரை மட்டும் இப்போதும் போடவில்லை. அவருக்கு வந்துவிட்ட தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

நீ அந்த வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இத்தனை எழுதிய பிறகு அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. போ அம்மா. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போ. ஒரு வீடு காலி என்று யாராவது சொன்னால், வீட்டைப் பார்ப்பதற்கு முன் சொன்னவர் முகத்தைப் பார். உன்னைப் பார்த்துப் பயந்துகொண்டு சொல்கிறாரா என்று பார். புகையிலும் கூச்சலிலும் அது சுலபம் இல்லை. நான் பார்க்கவில்லை. உங்கள் ஊரிலும் அந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள், காகிதம் சரியில்லாதவர்கள், எந்த உடுப்பைக் கண்டாலும் கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி உன் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களா?

உன் படத்தை இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது. தோள்பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறது, கை நீளம்தான் கொஞ்சம் அதிகம். மாமா பார்த்திருந்தால் அப்படியே விட்டிருக்கமாட்டார். அது தீ பிடிக்காத துணி என்று சொன்னாயே, எந்த நிலைமையிலும் அதைக் கழற்றாதே. கழற்றினால்தான் ஒரு மனிதன் உன்னிடம் வருவான் என்கிற நிலை உனக்கு வராமல் இருக்கட்டும். வேறு என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வைத்துவிடமாட்டேன். பேரனை முதலில் பேசச் சொல். போன வாரம் அவன் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் சின்னப் பிள்ளை, மற்றதெல்லாம் மெல்ல நீ சொல்லிக்கொள். இந்த ஒன்றை மட்டும் நானே என் வாயால் அவனிடம் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்குள் மூன்று பேர் இருந்தார்கள்.

உன் அப்பா